புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களை கி.பி. 325-இல் நைசியா சங்கத்தில் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தார்களாமே? அப்படியென்றால் சுவிசேஷங்களை எப்படி நம்புவது?

இல்லை. நைசியாவில் அப்படி ஒரு ஓட்டெடுப்பே நடக்கவில்லை.

நீங்கள் இதை ஏதோ ஒரு வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அல்லது அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது அடித்துச் சொல்லியிருப்பார்கள், உங்களிடம் சட்டென்று பதில் இருந்திருக்காது. என் ஊகம்தான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடமும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கேட்ட விதம்தான் வலித்தது: "உங்க பைபிளே ஒரு ராஜா போட்ட லிஸ்ட்தானே?"

நைசியாவில் ஆயர்கள் கூடியது ஆரியுஸ் என்ற குருவின் போதனையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல. குமாரன் பிதாவுக்குச் சமமானவரா, படைக்கப்பட்டவரா என்பதுதான் சண்டை. கூடவே ஈஸ்டர் தேதி, சபை ஒழுங்குகள். அந்தச் சங்கம் இயற்றிய 20 விதிகளில் ஒன்றுகூட வேதப் புத்தகப் பட்டியலைப் பற்றிப் பேசவில்லை. பலிபீடத்தில் எல்லாப் புத்தகங்களையும் வைத்தார்கள், போலியானவை தானாகக் கீழே விழுந்தன என்றொரு கதை உண்டு. அது பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட ஒரு நூலில் வருவது. பிற்காலத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் போன்றவர்கள் கேலி செய்ய எடுத்தாண்டதில் ஊரெல்லாம் பரவியது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் சுமார் 331-இல் செசரியாவின் ஆயர் யூசேபியுஸிடம் 50 வேதப் பிரதிகள் எழுதித் தரச் சொன்னது மட்டும் உண்மை. பிரதி எடுக்கச் சொல்வதும் எது வேதம் என்று தீர்ப்பதும் வேறு வேறு வேலை.

பட்டியல் உருவான விதம் இதைவிட மெதுவானது, சிக்கலானது. சுமார் 180-இல் லியோனில் ஆயராக இருந்த இரேனியுஸ் நான்கு சுவிசேஷங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். பவுலின் நிருபங்கள் ஒரே கட்டாகச் சேர்ந்த பாப்பிரஸ் பிரதி ஒன்று சுமார் 200-ஐச் சேர்ந்தது, டப்ளினிலும் மிச்சிகனிலும் பிரிந்து கிடக்கிறது. நைசியாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தைய சங்கதிகள் இவை. சரி, நைசியாவுக்குப் பிறகாவது எல்லாம் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. நான்காம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய சினாய் பிரதி என்ற கிரேக்க வேதாகமத்தில், இன்று நம் வேதத்தில் இல்லாத பர்னபாவின் நிருபமும் ஹெர்மாவின் மேய்ப்பனும் சேர்ந்தே இருக்கின்றன. நைசியாவில் பட்டியல் முடிவாகியிருந்தால் அவை அங்கே ஏன் இருக்கின்றன? இன்று நம் கையில் இருக்கும் அதே 27 புத்தகங்களை அப்படியே வரிசைப்படுத்தி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் பட்டியல், அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய ஈஸ்டர் கடிதம்.

இவ்வளவும் கேள்வியின் முதல் பாதிக்கு. இரண்டாவது பாதி எனக்கு நெருக்கமானது.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். தாத்தா உபதேசியார். எங்கள் சபையில் வாலிபர் வேதபாட வகுப்பை நான் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாற்கு 16-ஆம் அதிகாரம். ஒரு பையன் ஆங்கில என்.ஐ.வி. பைபிளைக் கொண்டுவந்து, "அக்கா, இதுல 9-ஆம் வசனத்துக்கு முன்னாடி ஒரு கோடு போட்டு, ரொம்பப் பழைய பிரதிகள்ல இனி வர்றது இல்லைன்னு போட்டிருக்கு. நம்ம தமிழ் வேதத்துல அப்படி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. மழுப்பக் கூடாது என்று அடுத்த வாரம் லேப்டாப்பைக் கொண்டுபோனேன். மேலே சொன்ன சினாய் பிரதியைக் காட்டத்தான். சினாய் மலையடிவாரத்தில் புனித கத்தரீன் மடத்தில் ஜெர்மன் அறிஞர் டிஷன்டார்ஃப் கண்ட பிரதி அது. ரஷ்யாவுக்குப் போய், 1933-இல் சோவியத் அரசு அதில் பெரும்பகுதியை ஒரு லட்சம் பவுண்டுக்கு பிரிட்டனுக்கு விற்றது. 2009 முதல் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். மாற்கு முடியும் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஸ்திரீகள் பயந்து ஓடி, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்ற 8-ஆம் வசனத்தோடு எழுத்து நிற்கிறது. பக்கத்தில் நெட்டுவாக்கில் ஓடும் அந்தப் பத்தியின் (column) மிச்சம் வெறுமை. அடுத்த பத்தியில் லூக்கா தொடங்குகிறது. பிள்ளைகள் திரையை விட்டு நகரவே இல்லை. வழக்கமாகப் பின் வரிசையில் போன் பார்ப்பவர்கள்கூட எழுந்து முன்னால் வந்தார்கள்.

மறுபக்கத்தையும் சொன்னேன். 9 முதல் 20 வரையான வசனங்கள் யாரோ மத்திய காலத்தில் செருகியவை அல்ல. அவற்றில் ஒன்றை இரேனியுஸ் சுமார் 180-இலேயே மேற்கோள் காட்டுகிறார். ஆக, அவை பழையவைதான். ஆனால் மாற்கு முதலில் எழுதியதன் பகுதி அல்ல என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. யோவான் 8-இல் விபச்சாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. 1 யோவான் 5:7-இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்ற வரி நம் பழைய தமிழ் வேதாகமத்தில் உண்டு. பழைய கிரேக்கப் பிரதிகளில் அது கிடையாது. லத்தீன் வழியாக வந்த வரி. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் பதிப்பித்த எராஸ்மஸ் தன் 1516, 1519 பதிப்புகளில் அதை விட்டுவிட்டு, எதிர்ப்புக் கிளம்பியபின் 1522-இல் சேர்த்தார்.

அவ்வளவுதான், விஷயம் கமிட்டிக்குப் போய்விட்டது. மூத்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். "ஏம்மா, பிள்ளைகளுக்கு விசுவாசத்தைச் சொல்லிக்கொடுன்னா சந்தேகத்தைச் சொல்லிக்கொடுக்கியாமே?" வகுப்பு வேறொருவருக்குப் போனது.

நான் அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். இந்தச் சந்தேகங்களை முதலில் எழுதிவைத்தவர்கள் நாத்திகர்கள் இல்லை, சபைப் பிதாக்கள். மாற்குவின் துல்லியமான பிரதிகள் "பயந்திருந்தார்கள்" என்ற இடத்தோடு முடிகின்றன என்று நான்காம் நூற்றாண்டிலேயே எழுதியவர் யூசேபியுஸ். யாக்கோபு, யூதா, 2 பேதுரு, 2, 3 யோவான் ஆகியவற்றைச் சிலர் ஏற்பதில்லை என்று பெயர் போட்டு எழுதியவரும் அவரே. எபிரெயர் நிருபத்தை எழுதியது யார் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்றார் மூன்றாம் நூற்றாண்டின் வேத அறிஞர் ஓரிகன். அவர்கள் விசுவாசம் இதனால் கெட்டுப்போகவில்லையே! அவர்கள் வெளிப்படையாகப் பேசியதை நாம் பிள்ளைகளிடம் மறைத்தால், அதே விஷயத்தை நாளைக்கு ஒரு வீடியோவில் பாதிப் பொய் கலந்து கேட்பார்கள். அப்போது நாம் மறைத்ததுதான் அவர்களுக்கு உறைக்கும்.

இதைப் படித்துவிட்டு "நீ விசுவாசியே இல்லை" என்று எழுதப் போகிறவர்களுக்கு: நான் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள், திருவிருந்து எடுக்கிறவள். "அப்போ பைபிள் பொய்யென்று ஒத்துக்கொள்கிறீர்கள்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: ஆயிரக்கணக்கான கிரேக்கப் பிரதிகள் இருப்பதால்தான் எந்த இடத்தில் என்ன மாறியது என்று நமக்குத் தெரிகிறது. வித்தியாசங்களில் மிகப் பெரும்பாலானவை எழுத்துப்பிழையும் சொல் வரிசையும்தான். ஒரு ராஜா பழையதையெல்லாம் அழித்துப் புதிதாக எழுதியிருந்தால், இத்தனை விதமான பிரதிகள் எகிப்து மணலிலிருந்து கிளம்பியிருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் பரவாயில்லை. தாத்தா தன் வேத வியாக்கியானப் புத்தகங்களையும் பழைய கிரேக்க அகராதியையும் சபை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அலமாரி பூட்டியே கிடக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார். அதே சபையில் ஆல்டருக்கு இரண்டு பக்கமும் பெரிய எல்.இ.டி. திரை வைத்தார்கள், புது சவுண்ட் சிஸ்டம் வாங்கினார்கள். அலமாரிக்குக் கரையான் மருந்து அடிக்க மட்டும் பணம் இல்லையாம். கூட்டத்தில் கேட்டபோது, "இப்ப யாரும்மா புக்கு படிக்காங்க?" என்றார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். பிரதி எவ்வளவு சரியாக நகலெடுக்கப்பட்டது என்பது ஒன்று, அதில் சொன்னது நடந்ததா என்பது இன்னொன்று. வரலாற்றாசிரியர்கள் இரண்டாவதை ஒவ்வொரு இடமாகத்தான் பார்க்கிறார்கள். லூக்கா, ஏரோது ராஜாவின் காலத்தையும் சீரியாவின் ரோம ஆளுநர் சிரேனியுவின் குடிமதிப்பையும் இயேசுவின் பிறப்போடு சேர்க்கிறார். ஏரோது இறந்தது கி.மு. 4 என்றும், யோசேபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதியபடி அந்தக் குடிமதிப்பு நடந்தது கி.பி. 6 என்றும் பெரும்பாலோர் கணிக்கிறார்கள். இந்த இடைவெளிக்குச் சொல்லப்படும் சமாதானங்கள் எதுவும் எனக்கு நிறைவாக இல்லை. அதையும் வகுப்பில் சொல்லியிருப்பேன், விட்டிருந்தால்.

ஆனால் கலாத்தியர் முதல் அதிகாரம் வேறு தரத்தில் நிற்கிறது. கி.பி. 50-களை ஒட்டி பவுல் தானே எழுதிய கடிதம். எருசலேமுக்குப் போய்ப் பேதுருவிடம் 15 நாள் தங்கினேன், கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபைத் தவிர வேறு அப்போஸ்தலரைக் காணவில்லை என்கிறார். அவர் அங்கே எருசலேம் தலைவர்களிடம் தான் கற்கவில்லை என்று வாதாடுகிறார். அந்த வாதத்துக்கு இந்தச் சந்திப்பு உதவாது, இடைஞ்சல்தான். அப்படியும் ஒளிக்காமல் எழுதியதால்தான் அதற்கு மதிப்பு. அந்த யாக்கோபின் மரணத்தை, கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் என்று அடையாளம் சொல்லி, சுமார் கி.பி. 93-இல் மேற்சொன்ன யோசேபஸும் எழுதுகிறார், அவர் கிறிஸ்தவர் அல்ல.

நீங்கள் படிக்கத் தொடங்குவதாக இருந்தால் சுவிசேஷங்களுக்கு முன்னால் கலாத்தியரை எடுங்கள். மொத்தம் 6 அதிகாரம்தான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அப்புறம் மாற்கு. இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் வந்தால் கீழே கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.