ஐ3-இல் லேஅவுட் மாற்றுவது: கேட்டதும் சொன்னதும்

கும்பகோணத்தில் டிடிபி கடை. கடை மெஷின் எல்லாவற்றிலும் ஐ3 தான்; பிராசஸர் இல்லை, லினக்ஸில் விண்டோக்களை அடுக்கித் தரும் விண்டோ மேனேஜர். இன்றைக்கு வேலை கம்மி, கேளுங்கள்.

மன்னார்குடித் தம்பி: விண்டோ அடுக்குமுறையை மாற்ற என்ன ஷார்ட்கட்ணே?

மாட் சாவியோடு (ஐ3 ஷார்ட்கட்டுக்கு என்று ஒதுக்கிய ஆல்ட் அல்லது விண்டோஸ் சாவி) எஸ் தட்டினால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும், டபிள்யூ என்றால் டேப், இ என்றால் மறுபடி பிரித்துப் போடும். இன்னொரு தடவை இ தட்டினால் பக்கவாட்டில் இருந்தது மேலும் கீழுமாகும்.

திருவாரூர்: கீபோர்டைத் தமிழுக்கு மாற்றியதும் ஒரு ஷார்ட்கட்டும் வேலை செய்யவில்லை அண்ணா.

நல்ல கேள்வி. விண்டோ அடுக்குமுறை, கீபோர்டில் எழுத்து இருக்கும் முறை, இரண்டுக்கும் லேஅவுட் என்றே பெயர் வைத்துத் தொலைத்ததில் பாதிக் குழப்பம். எஸ் என்று ஐ3-இன் செட்டிங் ஃபைலான கான்ஃபிக்கில் எழுதினால், முதலில் கொடுத்த கீபோர்டு லேஅவுட்டில் எஸ் எந்தச் சாவியில் இருக்கிறது என்று பார்த்துத்தான் ஐ3 அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் எந்த மொழிக்குப் போனாலும் அந்தச் சாவி வேலை செய்யும். தமிழை முதலில் போட்டிருப்பீர்கள், அதில் எஸ் எங்கே இருக்கிறது? இங்கிலீஷ் முதலில், தமிழ் இரண்டாவது, அவ்வளவுதான். ஐ3 மாதிரியே இருக்கும் ஸ்வே என்றால், கான்ஃபிக்கில் ஷார்ட்கட் வைக்கும் பைண்ட்சிம் வரியோடு டு-கோட் என்ற ஆப்ஷனையும் சேர்க்கவேண்டும்.

சீர்காழி: ஆல்ட்-ஷிஃப்டில் மொழி மாற்றுகிற மாதிரி வைக்கலாமா?

மாட் சாவி ஆல்ட் என்றால் வைக்கவே வைக்காதீர்கள். ஆல்ட்-ஷிஃப்ட்-2 தட்டி விண்டோவை இரண்டாம் ஒர்க்ஸ்பேஸுக்கு அனுப்பப் போவீர்கள், கை 2-க்குப் போவதற்குள் மொழி மாறியிருக்கும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேர் பாதி இங்கிலீஷாகி, புரூஃபில் பார்த்த பெரியவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. கேப்ஸ் லாக்கில் வையுங்கள். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது, அந்தச் சாவி சும்மாதானே கிடக்கிறது.

மயிலாடுதுறை: ஆல்ட்-ஷிஃப்ட்...

மேலே பாருங்கள்.

நாகப்பட்டினம்: சூப்பர்-ஸ்பேஸ்?

தமிழ் அடிக்க உதவும் ஐபஸ் என்ற புரோகிராமுக்கும் மொழி மாற்ற அதுதான் வழக்கமான சாவி. சூப்பரையே, அதாவது விண்டோஸ் சாவியையே, மாட் சாவியாக வைத்திருந்தால் ஐ3-இல் மிதக்கும் விண்டோவுக்கும் மற்றதற்கும் தாவுவதும் அதே சாவி. இரண்டில் ஒன்றை மாற்றுங்கள். கேப்ஸ் லாக் என்று சொன்னேனே.

தஞ்சாவூர்: தமிழ்99 எதற்கு சார், ஃபோனெட்டிக் போதாதா?

வந்துட்டாரய்யா. 'அம்மா'வுக்கு, இங்கிலீஷ் எழுத்தில் ஒலிப்படி அடிக்கிற ஃபோனெட்டிக்கில் ஐந்து தட்டு. தமிழ் எழுத்துக்கே சாவி இருக்கிற தமிழ்99 லேஅவுட்டில் அ, ம, ம, ஆ, நாலே தட்டு, புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு ஐபஸ் மாதிரி ஒன்று வேண்டும், லினக்ஸோடு வருகிற வெறும் எக்ஸ்கேபி கீபோர்டு லேஅவுட் தானாகப் புள்ளி வைக்காது.

பாபநாசம்: டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணின எங்களைக் கேட்டால் பழைய டைப்ரைட்டர் லேஅவுட்தான் வேகம்.

நீங்கள் அடிப்பது வேகம்தான் சார், ஒத்துக்கொள்கிறேன். புதுப் பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எத்தனை மாசம் ஆச்சு, அதைச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர்: ஃபோனெட்டிக் ஒரே நாளில் வரும்!

வரும். அப்புறம் ன, ண, ந மூன்றுக்கும் எது எது என்று என் கடைக்குத்தான் போன் வரும்.

வேதாரண்யம்: ஆல்ட்-ஷிஃப்ட் வைத்தால் என்ன ஆகும்?

கேப்ஸ் லாக், தம்பி. கேப்ஸ் லாக்.