சிவப்பு ஒளி பேனல்: கன்னத் திட்டு கருத்தது ஏன்?

முகச் சுருக்கம் குறைய சிவப்பு எல்.இ.டி. ஒளி பேனலைத் தினமும் 30 நிமிடம், 5 செ.மீ. தூரத்தில், ஆறு வாரமாகப் பயன்படுத்தியும் பலனில்லை, கன்னத்தில் இருந்த திட்டுதான் கருத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சுருக்கம் குறையாததற்கும் திட்டு கருத்ததற்கும் அந்த அளவே காரணமாக இருக்கலாம்.

முதலில் பேனலை நிறுத்துங்கள். கன்னத்தில் இருப்பது மங்கு (மெலாஸ்மா எனும் கருந்திட்டு) என்றால் வெப்பமும் பளிச்சென்ற ஒளியும் அதைக் கிளறிவிடும். தோல் மருத்துவர் பார்க்கும்வரை அந்த இடத்தில் ஒளி படவே வேண்டாம்.

இந்தச் சிகிச்சையில் கூடக்கூட நல்லது என்ற கணக்கு கிடையாது. சிவப்பு ஒளி, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டி, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாக உதவுகிறது. ஓர் அளவைத் தாண்டினால் அந்தத் தூண்டலே அடங்கிவிடும். அளவைக் கணக்கிடுவது எளிது: தோலில் சதுர செ.மீ.க்கு எத்தனை மில்லிவாட் ஒளி படுகிறது என்பதை விநாடியால் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால், சதுர செ.மீ.க்குக் கிடைக்கும் ஒளி ஆற்றல் ஜூலில் வரும். 60 மில்லிவாட்டில் 30 நிமிடம் என்றால் 108 ஜூல், முகத்துக்கு மிக அதிகம். 25 மில்லிவாட்டில் 400 விநாடி என்றால் 10 ஜூல். தொடக்கத்துக்கு அது தாராளம். மில்லிவாட்டை அளக்க, சூரிய ஒளிக்கான மலிவு மீட்டரை நம்பாதீர்கள், எல்.இ.டி.க்கு அது கூட்டிக் காட்டும்.

மருத்துவர் சம்மதித்தால் 30 செ.மீ. தள்ளி உட்கார்ந்து, வாரம் மூன்று நாள் போதும். அலைநீளம் 630 முதல் 660 நானோமீட்டர் இருக்கட்டும். கழுவிய வெறும் முகம், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும்.

முகப்பருவுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெடினாயின் போன்ற மாத்திரை எடுக்கிறீர்களா? இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவை தோலை ஒளிக்குக் கூசவைக்கும்.