உலக இளையோர் ஐஸ் ஹொக்கி: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

20 வயதுக்குட்பட்டோருக்கான உலக ஐஸ் ஹொக்கிப் போட்டியைப் பல வருடமாகக் கல்லடியில் இருந்துகொண்டே பார்த்து வருகிறேன். கனடாவில் சொந்தக்காரர் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு, அதனாலோ என்னவோ இந்த முறை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, அந்தக் கறுப்புச் சாமான் கண்ணுக்கே தெரியுதில்ல. நீங்க எப்படிப் பார்க்கிறீங்க? (களுவாஞ்சிக்குடி)

அதுக்குப் பெயர் பக். இறப்பர் வட்டு, 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பு. பாரம் ஏறக்குறைய கிரிக்கெட் பந்தளவுதான். ஆட்டத்துக்கு முதல் அதைக் குளிரூட்டி உறைய வைத்துத்தான் எடுப்பார்கள், இல்லாவிட்டால் ஐஸில் துள்ளித் துள்ளிப் போகும், சறுக்காது. சின்னப் போன் திரையில் அதைத் தேடிப் பிடிக்கிறது பெரிய பாடு தங்கச்சி. தேட வேண்டாம். கோல் காப்பாளரின் தலையைப் பாருங்கள். அவர் குனிந்து, கழுத்தை நீட்டி, முன்னுக்கு நிற்கிறவர்களின் கால்களுக்கு இடையால் எட்டிப் பார்க்கிற திசையில்தான் பக் இருக்கும். அவர் ஒரு பக்கத் தூணோடு முழங்காலைச் சேர்த்துக் குந்தினால் பக் அந்த மூலையில். இரண்டு ஆட்டம் இப்படிப் பார்த்தால் கண் பழகிவிடும், பிறகு பக் தானாகத் தெரியத் தொடங்கும்.

அப்புறம், ஆட்கள் ஏன் சும்மா சும்மா வெளியே ஓடுகிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். முழு வேகத்தில் சறுக்கினால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது, அதனால் முக்கால் நிமிடம் போல ஆடிவிட்டு மாறுவார்கள். ஆட்டத்தை நிறுத்தாமலே மாறலாம். சுணங்கி மாறுகிற அணி அந்த நேரத்தில்தான் கோல் வாங்கும்.

எத்தனை நாடு, புள்ளி எப்படி? (கல்முனை)

10 நாடு, ஐந்து ஐந்தாக இரண்டு குழு. ஒவ்வொரு குழுவிலும் முதல் நான்கு அணி காலிறுதிக்குப் போகும். கடைசியில் வருகிற இரண்டும் தங்களுக்குள் ஆடும், தோற்கிறவர் அடுத்த வருடம் கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டும். 60 நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி. சமநிலையாகி மேலதிக நேரத்திலோ பெனால்டி அடிகளிலோ வென்றால் 2, அப்படித் தோற்றவருக்கும் 1. வயதுக் கணக்கு பிறந்த வருடத்தை வைத்து. 2025 ஜனவரியில் முடிந்த போட்டிக்கு 2005 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள்.

லைவாகப் பார்க்க ஏலுமா அன்ரி? எத்தனை மணிக்கு? (செங்கலடி)

அது எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்தது மகன். ஒட்டாவாவில் என்றால் எங்களுக்கு 10½ மணித்தியால வித்தியாசம், அங்கே இரவு 7.30 ஆட்டம் இங்கே மறுநாள் காலை 6 மணி. அல்பேர்ட்டா மாகாணத்தில் என்றால் 12½ மணித்தியாலம், அதே ஆட்டம் காலை 8 மணிக்கு. இரண்டும் எங்களுக்கு வசதி, தேத்தண்ணியோடு பார்க்கலாம். சுவீடனில் நடந்தால்தான் கஷ்டம், அவர்களுடைய இரவு 7.30 எங்களுக்கு நள்ளிரவு 12.

கனடாவில் எல்லா ஆட்டமும் டிஎஸ்என் அலைவரிசையில் போகும், அது கனடாக்காரருக்கு. இங்கே மாரி மழைக்குக் கரண்ட் போய் வருகிற நேரத்தில் முழு ஆட்டத்தையும் டேட்டாவில் ஓடவிட்டால் பக்கேஜ் இரண்டு நாளில் முடிந்துவிடும். சர்வதேச ஐஸ் ஹொக்கிச் சம்மேளனத்தின் தளத்தில் கோல், தண்டனை, யார் அடித்தார் என்பதெல்லாம் எழுத்தில் உடனுக்குடன் வரும், அதுக்குச் சொட்டு டேட்டா போதும். சுருக்கக் காட்சிகளைப் பிறகு அவர்களின் யூரியூப்பில் பார்க்கலாம். பெரிய ஆட்டத்துக்கு மட்டும் டேட்டாவைச் சேர்த்து வையுங்கள்.

கனடாதானே எப்பவும் வெல்லும்? எங்கட மாமா ஆக்களும் ஸ்காபரோவில, நாங்களும் கனடா. (ஆரையம்பதி)

2023 வரை கனடா 20 தங்கம் எடுத்திருக்கிறது, வேறு எந்த நாடும் அதற்குக் கிட்ட இல்லை. மாமா ஆக்களோடு சேர்ந்து கனடாவுக்குக் கத்துங்கள், அதில் பிழையில்லை. ஆனால் கனடாவை மட்டும் பார்த்தால் இந்தப் போட்டியின் பாதி ருசி போய்விடும், இதை மனதாரச் சொல்கிறேன்.

லத்வியாவைப் பாருங்கள். இருபது லட்சம் சனம்கூட இல்லாத நாடு. 2023 டிசம்பர் 27 சுவீடனின் கோதன்பேர்க்கில் கனடாவிடம் 10-0 என்று தோற்றது. சரியாக ஒரு வருடம் கழித்து, 2024 டிசம்பர் 27, ஒட்டாவாவில், கனடாவின் சொந்த அரங்கில், அதே லத்வியா பெனால்டி அடிகளில் 3-2 என்று வென்றது. லினார்ட்ஸ் ஃபெல்ட்பெர்க்ஸ் என்ற கோல் காப்பாளர் அண்டைக்கு 55 அடிகளைத் தடுத்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், மற்றவர்கள் மாறி மாறி இளைப்பாற, அவர் ஒருவர் மட்டும் தொடர்ந்து நிற்கிறார், விழுகிறார், எழும்புகிறார், தண்ணீர்ப் போத்தலை எடுத்து முகத்தில் அடிக்கிறார், திரும்ப நிற்கிறார். லத்வியா பிறகு காலிறுதி வரை போய், சுவீடனிடம் 3-2 என்று ஒரே ஒரு கோலில்தான் தோற்றது.

கனடா அந்த வருடம் காலிறுதியில் செக் அணியிடம் 4-3 என்று தோற்று வெளியே போனது. அதுக்கு முந்தின வருடமும் அதே செக், அதே காலிறுதி, 3-2. இரண்டு முறையும் வெற்றிக் கோல் கடைசி நிமிடத்தில். அமெரிக்கா அந்த இரண்டு வருடமும் தங்கம் எடுத்தது, 2025 இறுதி ஆட்டத்தில் பின்லாந்தை மேலதிக நேரத்தில் 4-3.

இதெல்லாம் நடக்கிறதுக்குக் காரணம் இருக்கிறது. இவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். திறமை இருக்கும், ஆனால் பதற்றம் வந்தால் மறைக்கத் தெரியாது. நல்ல கோல் காப்பாளர் ஒருவர் வாய்த்துவிட்டால் சின்ன நாடும் ஒரு இரவைத் தன்னுடையதாக்கிவிடும். அதனால் கனடாவோடு ஒரு சின்ன அணியையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே தேர்ந்து, அதன் கோல் காப்பாளரின் பெயரைப் பாடமாக்கி வையுங்கள்.

கடைசி நிமிடத்தில கோல் காப்பாளர் கோலை விட்டுட்டு ஏன் ஓடிப் போறார்? (அக்கரைப்பற்று)

ஒரு கோல் பின்னுக்கு நிற்கிற அணி அவரை வெளியே எடுத்துவிட்டு, அடிக்கக்கூடிய ஆறாவது ஆளை இறக்கும். கோல் வெறுமையாகக் கிடக்கும். எதிரணி பக்கைப் பறித்தால் அரங்கின் அடுத்த பக்கத்திலிருந்தே அடித்து ஆட்டத்தை முடித்துவிடலாம். ஆபத்துத்தான், ஆனால் எப்படியும் தோற்கப் போகிற ஆட்டத்தில் இன்னொரு கோல் வாங்கினால் என்ன நட்டம்?

2009 அரையிறுதியில், ஒட்டாவாவில், ரஷ்யா 5-4 என்று முன்னுக்கு நின்றது. கனடா கோல் காப்பாளரை எடுத்துவிட்டது. கோலுக்கு முன்னால் நெரிசலுக்குள் வந்த பக்கை ஜோர்டன் எபர்லி அடித்து ஏற்றியபோது மிஞ்சியிருந்தது 5.4 செக்கன். பெனால்டி அடிகளில் கனடா வென்று, பிறகு இறுதியில் சுவீடனையும் வென்றது. இந்தக் கோலின் வீடியோ எங்கும் கிடைக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

சண்டை பிடிக்கிறாங்களே, பிள்ளைகளுக்குக் காட்டலாமா தங்கச்சி? (திருக்கோவில்)

காட்டலாம் அண்ணே. வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் சண்டை பிடித்தால் ஐந்து நிமிடம் வெளியே இருந்துவிட்டு வரலாம், உலகப் போட்டியில் அந்த ஆட்டத்திலிருந்தே வெளியேற வேண்டும். அதனால் சண்டை மிகக் குறைவு. 1987 ஜனவரி 4 அன்று செக்கோஸ்லோவாக்கியாவில் கனடாவும் சோவியத்தும் அணி அணியாக மோதி, அரங்கின் விளக்கையே அணைத்தும் நிற்கவில்லை. இரண்டு அணியையும் போட்டியிலிருந்து நீக்கினார்கள், தங்கம் பின்லாந்துக்குப் போனது. உடம்பால் இடிக்கிறது விதிக்கு உட்பட்டது, தலையில் இடித்தால் தண்டனை. சறுக்குச் சப்பாத்தின் அலகு கழுத்தில் படாமல் இருக்க இளையோருக்குக் கழுத்துக் காப்பும் கட்டாயம்.

ஆசிய நாடு ஏதும் ஆடினதா? (காத்தான்குடி)

கசகஸ்தான் மேற்பிரிவுக்கு வந்து போகும், 2025இலும் ஆடியது. ஜப்பான் 1993இல் ஆடி, சுவீடனிடம் 20-1 என்று தோற்றது. அந்த ஒரு ஆட்டத்தில் சுவீடனின் பீட்டர் ஃபோர்ஸ்பேர்க் 10 புள்ளி எடுத்தார், போட்டி முழுக்க 31 (இது ஆளுக்குரிய புள்ளி, அடித்த கோலுக்கும் கோலுக்கு உதவினதுக்கும் ஒவ்வொன்று). அந்த 31ஐ இன்னும் யாரும் தாண்டவில்லை. கனடாவின் கொனர் பெடார்ட் 2023இல் 23 எடுத்ததற்கே உலகம் வாய் பிளந்தது.

போட்டி தொடங்குகிற டிசம்பர் 26 எங்களுக்குச் சுனாமி நாள். அண்டைக்குப் பார்க்க உங்களுக்கு மனம் வருதா அக்கா? (நாவலடி)

வருவதில்லை. காலையில் நினைவிடத்துக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தால் அந்த நாள் முழுக்க வேறு எதுவும் ஓடாது. கனடாவிலோ அமெரிக்காவிலோ நடந்தால் முதல் ஆட்டங்கள் எங்களுக்கு அன்றிரவு பிந்தித்தான் தொடங்கும், ஆனாலும் நான் 27ஆம் திகதிதான் தொடங்குவேன், முதல் நாள் முடிவுகளை அப்போது பார்த்துக்கொள்வேன். இளம் பிள்ளைகள் அன்றிரவே பார்த்தால் அதை நான் குறையாக நினைக்க மாட்டேன்.

எனக்கு வேலை, ஒரு நாள்தான் பார்க்க ஏலும். எந்த நாள்? (சம்மாந்துறை)

காலிறுதி நாள். ஜனவரி 2, ஒரே நாளில் நான்கு ஆட்டம், தோற்றவர் வீட்டுக்கு. இறுதி ஆட்டம் ஜனவரி 5 வரும், அதற்குள் பெரும்பாலும் பெரிய நாடுகள்தான் மிஞ்சியிருக்கும். காலிறுதியில்தான் நான்காவதாக வந்த அணி முதலாவதாக வந்த அணியை மறித்து நிற்கும். போட்டி கனடாவிலோ அமெரிக்காவிலோ என்றால் இரவு ஆட்டங்கள் எங்களுக்கு 3ஆம் திகதி காலையில் வரும், லீவு கேட்கிறதென்றால் 3ஆம் திகதிக்குக் கேளுங்கள்.