சில தளங்கள் மட்டும் திறக்காத கணினி: ஃபோர்மட் செய்வதற்கு முன்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டு மேசைக் கணினியில் யூடியூப், செய்தித் தளங்கள், பரீட்சைத் திணைக்களத்தின் தளம் எல்லாம் திறக்கின்றன. வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் தளங்களும் மைக்ரோசொஃப்ட் தளமும் மட்டும் திறப்பதில்லை. 'இந்தத் தளத்தை அணுக முடியவில்லை' என்று வருகிறது. அதே வைஃபையில் என் கைத்தொலைபேசியில் அவை திறக்கின்றன. கடையில் ஃபோர்மட் செய்யவேண்டும் என்கிறார்கள். மகனின் உயர்தரப் பாடக்குறிப்புகள் அதற்குள் இருக்கின்றன. என்ன செய்வது?"

அம்மா, கடைக்குக் கொண்டுபோக இன்னும் நேரம் வரவில்லை. முதலில் மகனின் குறிப்புகளை ஒரு பென் டிரைவில் பிரதி செய்து வைத்துவிடுங்கள். பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்.

கைத்தொலைபேசியில் திறக்கிறது என்ற சோதனையை ஒருமுறை திருப்பிச் செய்யுங்கள். வைஃபை தடுமாறும்போது தொலைபேசி சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும் என்பதால், டேட்டாவை நிறுத்திவிட்டுப் பார்த்தால்தான் அந்தச் சோதனைக்குப் பெறுமதி உண்டு. அடுத்து, டேட்டாவை மீண்டும் இயக்கி, தொலைபேசியை யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்து, இரண்டிலும் வீட்டு வைஃபையையும் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளையும் துண்டித்துவிட்டு, தொலைபேசி அமைப்பில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கி, தொலைபேசியின் டேட்டாவில் கணினியில் அந்தத் தளங்களைத் திறந்து பாருங்கள். அப்போதும் அதே தளங்கள் திறக்காவிட்டால் ரவுட்டரையும் இணைப்பு வழங்கும் நிறுவனத்தையும் சந்தேகிக்க வேண்டியதில்லை, பழுது கணினிக்குள்ளேதான். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் இங்கே சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது பலர் தங்கள் கணினிகளைக் குடைந்துகொண்டிருந்தார்கள். அத்தகைய தடை என்றால் தொலைபேசியிலும் திறந்திராது.

என்னை யோசிக்க வைப்பது திறக்காத தளங்களின் பட்டியல். வைரஸ் தடுப்புத் தளங்களும் மைக்ரோசொஃப்ட்டும் மட்டும் தற்செயலாகச் சேர்ந்து நின்றுபோவதில்லை. உள்ளே புகுந்த தீநிரல் (வைரஸ் போன்ற கெடுதல் செய்யும் மென்பொருள்) தனக்கு மருந்து வரக்கூடிய வழிகளை முதலில் அடைத்துவிடும். 2008 நவம்பரில் வெளிப்பட்ட கொன்ஃபிக்கர் என்ற புழு செய்ததும் இதைத்தான். அதைவிட எளிய வழியும் இருக்கிறது. விண்டோஸ் ஒரு தளத்தின் பெயரை வெளியே டிஎன்எஸ் சேவையகத்திடம் (தளத்தின் பெயருக்குரிய எண் முகவரியைச் சொல்லும் கணினி) விசாரிப்பதற்கு முன், தன்னிடமுள்ள 'ஹோஸ்ட்ஸ்' என்ற சிறிய கோப்பில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். 1983இல் டிஎன்எஸ் வருவதற்கு முந்தைய காலத்தின் மிச்சம் அந்தக் கோப்பு. அதில் ஒரு தளத்தின் பெயருக்கு நேரே 127.0.0.1 என்று, அதாவது கணினியின் சொந்த முகவரியை, எழுதிவிட்டால், கணினி அந்தத் தளத்தைத் தேடித் தன் வீட்டுக் கதவையே தட்டும்.

இதைக் கண்டுபிடிக்க, பிழைச் செய்தியின் பெரிய எழுத்துகளை விட்டுவிட்டுக் கீழே சிறிதாக இருக்கும் வரியைப் படியுங்கள். தளம் இணைப்பை 'மறுத்துவிட்டது' என்றிருந்தால், கணினி ஏதோ ஒரு முகவரியைக் கண்டுபிடித்து அங்கே போய் முட்டியிருக்கிறது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் அப்படி எழுதப்பட்டிருந்தால் பெரும்பாலும் இதுவே வரும். முகவரியே கிடைக்கவில்லை என்றிருந்தால் டிஎன்எஸ் பக்கம் பார்க்கவேண்டும். உறுதிசெய்ய, கமாண்ட் ப்ரொம்ப்ட்டை (கட்டளைகளை எழுதி இயக்கும் கறுப்புச் சாளரம்) திறந்து, 'பிங்' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, திறக்காத தளத்தின் பெயரை எழுதுங்கள். 127.0.0.1 என்ற எண் காட்டப்பட்டால் விடயம் முடிந்தது. இணையத்தில் பலர் பரிந்துரைக்கும் 'என்எஸ்லுக்அப்' கட்டளை ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காமல் நேரே டிஎன்எஸ்ஸிடம் போய்விடுவதால், அது எல்லாம் சரி என்றே சொல்லும். அதை நம்பி ஏமாறாதீர்கள்.

கோப்பைத் திருத்துவதற்கு முன் தீநிரலைத் தேடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அழிப்பதை அது மறுபடி எழுதும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஒப்ஷன்ஸ்' என்பதற்குள் மைக்ரோசொஃப்ட் டிஃபெண்டரின் ஒஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுமையாக இயங்குவதற்கு முன்பே அது தேடும். சுமார் 15 நிமிடம் எடுக்கும். அது முடிந்ததும் நோட்பேட்டை வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அதன் வழியாக சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று வரிசையாக உள்ளே போங்கள். கோப்பின் பெயருக்குப் பின்னால் டொட் டெக்ஸ்ட் இல்லாததால், 'ஓல் ஃபைல்ஸ்' என்று தெரிவுசெய்தால்தான் ஹோஸ்ட்ஸ் கண்ணில் படும்.

தெஹிவளையில் என் தங்கை வீட்டுக் கணினியில் இந்தக் கோப்பைத் திறந்தபோது, # குறியோடு தொடங்கும் வழக்கமான வரிகள் மட்டுமே தெரிந்தன. அவை வெறும் விளக்கக் குறிப்புகள், தொந்தரவு செய்யாதவை. மூடப்போகும்போதுதான் வலதுபக்க உருளைப்பட்டை (ஸ்க்ரோல் பார்) அளவுக்கு மீறிச் சிறுத்திருப்பதைக் கவனித்தேன். நூற்றுக்கணக்கான வெற்று வரிகளுக்குக் கீழே, அடிமட்டத்தில், வைரஸ் தடுப்புத் தளங்களின் பெயர்கள் வரிசையாக ஒளிந்திருந்தன. ஆகவே கடைசி வரிவரை இறங்கிப் பாருங்கள். # இல்லாமல், திறக்காத தளங்களின் பெயர்களோடு இருக்கும் வரிகளை அழித்துச் சேமித்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். விலைகொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளை மகன் யாரிடமாவது 'கிராக்' செய்த பிரதியாக வாங்கிப் போட்டாரா என்று கோபிக்காமல் கேளுங்கள். தங்கை வீட்டில் விடயம் அங்கேதான் தொடங்கியது.

ஹோஸ்ட்ஸ் சுத்தமாக இருந்தால், நெட்வேர்க் அமைப்பில் ப்ரொக்ஸி (இணையப் போக்குவரத்தை இடையில் வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) நிறுத்தப்பட்டிருக்கிறதா, டிஎன்எஸ் முகவரி தானியங்கியாக இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழ் (ஒரு தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்கு உறுதிப்படுத்தும் அடையாளம்) பற்றிய எச்சரிக்கை வந்தால் கணினியின் திகதியைச் சரிபாருங்கள்: சில வாரங்கள் பின்தங்கிய கடிகாரம், அண்மையில் சான்றிதழைப் புதுப்பித்த தளங்களை மட்டும் ஏற்க மறுக்கும். மின்சாரத்தை நிறுத்தும்போதெல்லாம் திகதி பிந்தினால், மதர்போர்டிலுள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டரியை மாற்றினால் போதும்.

ஒஃப்லைன் ஸ்கேனுக்குப் பிறகும் அந்த வரிகள் திரும்பி வந்தால் கடைக்காரர் சொன்னதே சரி, ஃபோர்மட் செய்துவிடுங்கள். அப்போது பென் டிரைவிலிருந்து மகனின் ஆவணங்களையும் படங்களையும் மட்டும் மீண்டும் ஏற்றுங்கள். பழைய இன்ஸ்டோல் கோப்புகள் ஒன்றுகூட வேண்டாம். எப்படி முடிந்தாலும், அந்தக் கணினியில் பாவித்த மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை இன்றே கைத்தொலைபேசியிலிருந்து மாற்றுங்கள்.