குளம்புப் புழுவுக்குக் குப்பைமேனிப் பொடி வாங்கலாமா?

கேள்வி: என் ஜெர்சி கலப்பினப் பசுவுக்குக் கோமாரி (கால்-வாய் நோய்). வாய்ப்புண் ஆறி வருகிறது; முன்னங்கால் குளம்பிடுக்கில் புழு வைத்துவிட்டது. குப்பைமேனியை அரைத்துக் கட்டியும் கேட்கவில்லை. கடையில் குப்பைமேனிப் பொடி இருக்கிறது, உள்ளுக்கும் கொடுக்கலாம் என்கிறார்கள். வாங்கலாமா? 40 நாள் கன்று தாயிடம் ஊட்டுகிறது.
– செங்கம் பக்கத்துப் பால்மாட்டு விவசாயி

பதில்: பொடி இருக்கட்டும், கன்றைப் பாருங்கள். கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கோமாரி கண்ட தாயிடம் ஊட்டும் இளங்கன்றுக்குக் கிருமி இதயத் தசையைத் தாக்கும். வாயில் ஒரு கொப்புளம்கூடத் தெரியாமல், துள்ளிக்கொண்டிருந்த கன்று திடீரென விழும். இன்றே பிரித்துக் கட்டி, பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆற்றிப் புகட்டுங்கள்.

பொடி வேண்டாம். எப்போது பறித்தது, குப்பைமேனிதானா என்று அரைத்தபின் கடைக்காரருக்கே தெரியாது. உள்ளுக்குக் கொடுக்கச் சொல்வது அதைவிட மோசம்: இதில் சயனைடை வெளிவிடும் அகாலிஃபின் உண்டு. வாய்ப்புண்ணோடு விழுங்கத் திணறும் மாட்டுக்குப் புட்டியால் ஊற்றினால் நுரையீரலுக்குள்ளும் போய்விடும்.

நீங்கள் கட்டியது கேட்காததற்குச் செடி காரணமல்ல. தண்ணீர் விட்டு அரைத்த விழுது குளம்பிடுக்கை ஈரமாகவே வைத்திருக்கும். ஈக்கு அதுதானே வேண்டும்! குப்பைமேனிச் சாறு எண்ணெயில் இறங்க வேண்டும். குப்பைமேனி, வேப்பிலை, மருதாணி, துளசி வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல். இடித்து, அரை லிட்டர் நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ சிறுதீயில் சலசலப்பு அடங்கக் காய்ச்சி, இறக்கும்போது மஞ்சள்தூள் 20 கிராம் போடுங்கள். ஆறவிட்டுப் பூசலாம். புழு இருப்பதால் முதல் நாள் மட்டும் கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயை விட்டு, வெளிவருவதை இடுக்கியால் எடுங்கள். கழுவிய குளம்பைத் துணியால் ஒற்றி உலர்த்தாமல் பூசினால் எந்த எண்ணெயும் வீண்.

இலைக்கு உங்கள் வரப்பே போதும், ஒரு மழைக்கு முளைத்துக் கிடக்கும். கதிரில் பெண்பூவைத் தாங்கும் பல்விளிம்புக் கிண்ணத்தைப் பார்த்துப் பறியுங்கள். சந்தேகமென்றால் வேரைப் பிடுங்கிப் போடுங்கள். பூனை வந்து புரளும். பூனைவணங்கி என்று சும்மாவா பெயர்? ஆனால் களைக்கொல்லி அடித்த வரப்பில் ஓர் இலைகூடத் தொடாதீர்கள். வரப்புக்குக் கிளைபோசேட் விற்கிற கையே அடுத்த அலமாரியிலிருந்து மூலிகைப் பொடியும் எடுத்துத் தருகிறது. இரண்டுக்கும் காசு உங்களுடையது. களையை மண்வெட்டியால் செதுக்குங்கள், தொழுவத்தை ஒட்டிப் பத்தடியை மட்டும் குப்பைமேனிக்கு விட்டுவிட்டு.

நோய்கண்ட மாட்டுக்கு இப்போது தடுப்பூசி கூடாது. கன்றுக்கு 4 மாதம் ஆனதும் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. மூன்று நாளில் புழு நிற்காவிட்டாலோ குளம்பு கழன்றாலோ கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.