ராக்கெட் புகையும் கெம்டிரெயில் பயமும்: கேள்வி பதில்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் போன மறுநாள், "சென்னை மேல் விஷம் தூவுகிறார்கள்" என்று ஒரு வீடியோ எங்கள் குடியிருப்பு முழுக்கச் சுற்றியது. வானத்தில் நெளிந்து கிடக்கும் வெள்ளைப் புகை, பின்னணியில் பயமுறுத்தும் இசை. வானத்துக் கோடுகள் எல்லாம் யாரோ ரகசியமாகத் தெளிக்கும் ரசாயனம் என்ற வதந்திதான் இது; அதற்குப் பெயர் 'கெம்டிரெயில்'. கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன் என்பதால் கேள்விகள் எல்லாம் என் தலையில் விழுந்தன.

சார், எங்கள் வீடு திருவொற்றியூர். மொட்டைமாடியிலிருந்தே ராக்கெட் தெரிகிறது. அந்தப் புகையில் என்ன இருக்கிறது? நம் மேல் விழுமா?

இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் அடுக்கில் சுமார் 138 டன் திட எரிபொருள். பார்க்கக் கெட்டி ரப்பர் மாதிரி இருக்கும். உள்ளே அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியப் பொடியும். இரண்டு நிமிடத்துக்குள் அத்தனையும் எரிந்து தீர்ந்துவிடும். வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு தூள். கூடவே ஹைட்ரஜன் குளோரைடு. அது ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம், நாம் பாத்ரூம் கழுவும் அதே ஆசிட். ஏவுதளத்தை ஒட்டிய இடத்துக்கு அது நிஜமான தொல்லை. ஆனால் ராக்கெட் கடல் பக்கம் சாய்ந்து போகிறது, நமக்கும் அதற்கும் 60 கி.மீ.க்கும் மேல் இடைவெளி. வந்து சேர்வதற்குள் கலைந்து மெலிந்துவிடும். திருவொற்றியூர்க்காரர் கவலைப்பட வேண்டிய புகைபோக்கிகள் எண்ணூரிலும் மணலியிலும் இருக்கின்றன.

நேராகப் போன ராக்கெட்டின் புகை ஏன் பாம்பு மாதிரி வளைகிறது?

காற்றுதான். ஒவ்வொரு உயரத்திலும் ஒவ்வொரு திசையில் அடிக்கிறது. நேர்கோடாக இருந்தது கொஞ்ச நேரத்தில் இடியாப்பச் சிக்கலாகிவிடும்.

அண்ணா, விமானம் போடும் கோடு சில நாள் உடனே மறைகிறது, சில நாள் மணிக்கணக்கில் நிற்கிறது. நின்றால் அது கெம்டிரெயில் என்கிறார்களே?

அந்த உயரத்தில் குளிர் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே. இன்ஜின் விடும் நீராவி பனித்துகளாக உறைந்து கோடாகத் தெரிகிறது. சுற்றியிருக்கும் காற்று வறண்டிருந்தால் துகள் ஆவியாகிவிடும். ஈரம் நிறைந்திருந்தால் நிற்கும், பரவும். பங்குனியில் அரை மணியில் காயும் துணி ஐப்பசியில் இரண்டு நாள் கொடியிலேயே கிடப்பதில்லையா, அந்தக் கதைதான். மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானம் தாழப் பறப்பதால் கோடு போடாது. கோடு போடுகிறவை பெரும்பாலும் நம் ஊரைத் தாண்டிப் போகிறவை. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதே விஷயத்தை 77 வல்லுநர்களிடம் கேட்டார்கள். ரகசியத் தெளிப்புக்கு ஆதாரம் எதையும் பார்த்ததில்லை என்று 76 பேர் சொன்னார்கள்.

மழைத்தண்ணீரைப் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்தேன் சார். அலுமினியம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எதில் பிடித்தீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். "அண்டாவில்" என்றார். அலுமினிய அண்டா! சரி, அது போகட்டும். பிளாஸ்டிக் வாளியில் பிடித்திருந்தாலும் கொஞ்சம் வந்திருக்கும். பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் சுமார் 8 சதவீதம் அலுமினியம். தெருப்புழுதியிலும் அதுதான் இருக்கிறது.

அப்படியென்றால் ராக்கெட்டால் கெடுதலே இல்லையா?

இருக்கிறது. எனக்குக் கோபம் வருவதும் இங்கேதான். கெம்டிரெயில் பேச்சு இதைக் கேட்கவிடாமல் செய்துவிடுகிறது.

கீழே விடும் புகையை மழை சில நாட்களிலோ வாரங்களிலோ கழுவிவிடும். அதற்கு மேலே, மேகங்களைத் தாண்டிய ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற காற்றடுக்கில், மழை கிடையாது. அங்கே போன கரித்துகள் சில ஆண்டுகள் மிதக்கும், வெயிலை உறிஞ்சிச் சுற்றுப்புறத்தைச் சூடாக்கும். தரைமட்டத்தில் விடும் கரியைவிட ராக்கெட் கரி கிட்டத்தட்ட 500 மடங்கு சூடாக்கும் என்று 2022இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. இதில் முக்கியப் பங்கு கெரசின் எரிக்கும் ராக்கெட்டுகளுக்கு. திட எரிபொருளிலிருந்து வரும் குளோரினோ ஓசோனை அரிக்கும். ஃபிரிட்ஜ் வாயுக்களுக்குக் கடிவாளம் போட்ட 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கை ராக்கெட் புகையைத் தொடவில்லை.

அப்புறம், காலம் முடிந்து திரும்பி விழும் செயற்கைக்கோள்கள். அவை எரிந்து மறைந்துவிடுவதாகத்தான் நாம் நினைக்கிறோம். 2023இல் வெளியான ஆய்வில், உயரப் பறக்கும் விமானங்கள் மூலம் ஸ்ட்ராட்டோஸ்பியர் காற்றைப் பரிசோதித்தார்கள். அங்குள்ள கந்தக அமிலத் துகள்களில், கொஞ்சம் பெரியவற்றில் சுமார் 10 சதவீதத்தில் அலுமினியமும் வேறு உலோகங்களும். எல்லாம் எரிந்த ராக்கெட், செயற்கைக்கோள் மிச்சம். ஆக, வானத்தில் அலுமினியம் இருக்கத்தான் செய்கிறது. யாரும் ஒளிந்திருந்து தெளிக்கவில்லை. நேரலை போட்டு, கைதட்டி அனுப்பியதுதான். விமானங்களோடு ஒப்பிட்டால் ராக்கெட்டுகள் எரிப்பது இன்னும் கொஞ்சம்தான். ஆனால் 2023இல் மட்டும் உலகம் முழுக்க 200க்கும் மேற்பட்ட ஏவுதல்கள். கூடிக்கொண்டே போகிறது.

நம் நாட்டில் வானத்தில் எதையும் தெளித்ததே இல்லையா?

தெளித்திருக்கிறார்கள், ஊரறிய. 1963 நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டே சோடியம் ஆவியைத்தான் மேலே விட்டது. உயரத்தில் காற்று எப்படி நகர்கிறது என்று பார்க்க. அந்தி வானில் ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தது. 1980களின் வறட்சியில் தமிழ்நாடு அரசு மேக விதைப்பும், அதாவது மழை வரவைக்க மேகத்தில் ரசாயனம் தூவுவதும், செய்து பார்த்தது.

பேரியம், ஸ்ட்ரான்ஷியம் என்று வீடியோவில் சொல்கிறார்களே, அதெல்லாம் நம் மூச்சில் வரவே வராதா?

வரும், தீபாவளி ராத்திரி. பச்சை நிறத்துக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், வெள்ளி மினுக்கத்துக்கு அலுமினியம். கெம்டிரெயில் பட்டியலின் மூன்று உலோகமும் ஒரே பட்டாசுப் பெட்டியில் கிடைக்கும். பட்டாசில் பேரியம் சேர்க்க உச்ச நீதிமன்றத் தடையே இருக்கிறது. வீடியோவை எனக்கு அனுப்பிய கீழ்வீட்டு மாமா போன தீபாவளிக்குக் கொளுத்திய பத்தாயிரம் வாலாவின் குப்பை மூன்று நாள் படிக்கட்டில் கிடந்தது.

அடுத்த ராக்கெட்டை எங்கிருந்து பார்க்கலாம் சார்? பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

ஸ்ரீஹரிகோட்டாவிலேயே 2019 முதல் பொதுமக்களுக்குப் பார்வையாளர் மாடம் இருக்கிறது. ஆன்லைனில் முன்பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் உங்கள் மாடியே போதும். வடக்குப் பார்த்து நில்லுங்கள். சாயங்கால ஏவுதல் என்றால் ராக்கெட் மறைந்ததும் கீழே இறங்கிவிடாதீர்கள்: நமக்கு இருட்டிய பிறகும் மேலே வெயில் இருக்கும், புகை நிறம் மாறுவதைப் பையன் பார்க்க வேண்டாமா?