கிதார் வந்துதான் உயிர் வந்ததா?

கேள்வி: எண்பதுகளின் சிந்த்-பாப், அதாவது சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியில் வாசித்த பாப் பாட்டுகள் எல்லாம் வெறும் பொம்மைச் சத்தம். கிதாரை அதிரவிடும் மெட்டல் குழுக்கள் கையில் எடுத்த பிறகுதான் அந்தப் பாட்டுகளுக்கே உயிர் வந்தது என்கிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: மாட்டேன்.

சிந்த்-பாப் பாடகர் கேரி நியூமனின் 'கார்ஸ்' 1979இல் வந்தது. இருபது வருடம் கழித்து ஃபியர் ஃபேக்டரி என்ற மெட்டல் குழு அதை இரைச்சலும் இடியுமாக வாசித்தது. கூடப் பாட யாரை அழைத்தார்கள்? நியூமனையே. பொம்மைச் சத்தம் என்று நினைத்தவர்கள் பொம்மைக்காரரையே கூட்டிவந்து மைக் முன்னால் நிறுத்துவார்களா? இன்னொன்று, அந்த மெட்டை நியூமன் கண்டுபிடித்ததே பேஸ் கிதாரில்தான். கம்பியில் பிறந்து, மூக் (Moog) என்ற சிந்தசைசரில் வளர்ந்து, மறுபடி கம்பிக்கே வந்திருக்கிறது. பிறந்த வீட்டுக்கு வந்துபோவதை மறுபிறவி என்று சொல்லலாமா?

அப்புறம், டெப்பேஷ் மோட் என்ற சிந்த்-பாப் குழுவின் 'ஸ்ட்ரிப்ட்' (1986). ஹெட்போனில் கேளுங்கள். அடியில் 'தட் தட்' என்று ஒன்று கனமாக உறுமிக்கொண்டே இருக்கும். அது டிரம் இல்லை. நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் பைக் எஞ்சினைப் பதிவு செய்து, சுருதியை இறக்கி, அதையே தாளமாகப் போட்டிருக்கிறார்கள். 1998இல் ராம்ஸ்டைன் என்ற மெட்டல் குழு இதே பாட்டைக் கிதாரில் அறைந்தபோது உங்களுக்குப் புல்லரித்திருக்கலாம். எனக்கும்தான். ஆனால் அந்த உறுமல் பன்னிரண்டு வருடமாக அங்கேயேதான் இருந்தது.

அதே டெப்பேஷ் மோடின் 'என்ஜாய் தி சைலன்ஸ்' பாட்டில் எல்லோரும் முணுமுணுக்கும் அந்த இழை, மூலத்திலேயே குழுவின் மார்ட்டின் கோர் வாசித்த கிதார்! 2006இல் லகூனா காயில் என்ற மெட்டல் குழு செய்தது சத்தத்தைக் கூட்டியது மட்டும்தான்.

சரி, உங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 1995இல் மெட்டல் பாடகர் மர்லின் மேன்சன் பாடிய 'ஸ்வீட் ட்ரீம்ஸ்', யூரித்மிக்ஸ் என்ற சிந்த்-பாப் ஜோடியின் பழைய பாட்டுக்கு நகல் இல்லை. துள்ளி ஓடும் சிந்தசைசர் வரியை இழுத்து, ஊர்ந்து போக விட்டார். பாட்டின் முகமே மாறிவிட்டது. ஆனாலும் என் ஓட்டு யூரித்மிக்ஸ் பாடகி ஆனி லெனாக்ஸுக்கு. அந்த வரிகளை அவர் முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் பாடுவார். பயம் நமக்குள்ளிருந்து வரும். மேன்சனோ 'இது பயங்கரம்' என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டுத்தான் பாடவே ஆரம்பிக்கிறார்.

கடைசியாக, 2001இல் அதே மேன்சன் பாடிய 'டெயின்டட் லவ்'. எண்பதுகளின் சிந்த்-பாப் பாட்டு என்றுதானே நினைத்தீர்கள்? அறுபதுகளில் குளோரியா ஜோன்ஸ் பாடிய சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் இசை வகை) பாட்டு அது. இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்டார்கள், போணியாகவில்லை. 1981இல் சாஃப்ட் செல் என்ற இரண்டு பேர் சிந்தசைசரோடு உட்கார்ந்து அதைத் தூசி தட்டி எடுத்து, பிரிட்டனில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். மேன்சன் கையில் எடுத்தது அந்தப் பொம்மைச் சத்தத்தைத்தான்.